கெட்ட வார்த்தைக்கு எழுத்துப்பிழை திருத்தினவன்

கோர்ட்டுக்கு எதிர்த்த சந்துல டைப்பிங் கடை வச்சு எனக்கு பதினாறு வருஷம் ஆச்சு. ஜெராக்ஸ் இருக்கு, லேமினேஷன் இருக்கு, ஆன்லைன்ல பட்டா எடுத்துக் குடுக்குறதும் இருக்கு, ஆனா சோறு போடுறது மனு தான். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள், அன்னைக்கு காலைல ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிருவேன், தூக்கும்போதே ரெண்டு பேராவது படியில உக்காந்திருப்பாங்க, கையில மஞ்சப்பை, பைக்குள்ள ஆதார் ஜெராக்ஸும் போன தடவை குடுத்த மனுவோட ரசீதும்.

மனுவுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி ரெடியா வச்சிருப்போம். மேல "உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்", அப்புறம் "ஐயா, வணக்கம்", கடைசில "தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்". இந்த பாதம் பணிந்து சமாச்சாரத்தை ஒரு நாள் கோவம் வந்து நானே எடுத்துட்டேன், பாதி பேர் திரும்பப் போடச் சொல்லிட்டாங்க, "இருக்கட்டும் தம்பி, அது இருந்தா தான் பாப்பாங்க"ன்னு. ஆக பணிவெல்லாம் ஏற்கனவே டைப் ஆகிக் கிடக்கும். நடுவுல யாரு யாரை என்ன சொல்லித் திட்டினாங்கங்கறத மட்டும் தான் ஆளுக்கு ஆள் புதுசா அடிக்கணும்.

அதனால ஊர்ல இருக்குற அத்தனை கெட்ட வார்த்தையும் என் கீபோர்டு வழியா தான் போயிருக்கு. பெருமையா சொல்லல, பொழப்பு அப்படி.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வைகாசி மாசம் ஒரு அக்கா வந்தாங்க. வீட்டுலயே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறவங்க, கழுத்துல இஞ்ச் டேப் தொங்குது, அதைக் கழட்டக்கூட மறந்து வந்துட்டாங்க. கூட ஏழாவது படிக்கிற பையன். புருஷனோட தம்பி கூட பொதுச்சுவர் தகராறு, அவரு நடுத்தெருவுல நின்னு திட்டிட்டாரு, ஸ்டேஷன்ல குடுக்க புகார் வேணும்.

நான் எப்பவும் அடிக்கிற மாதிரி "தகாத வார்த்தைகளால் திட்டி"ன்னு அடிச்சுட்டேன். பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து பிரிண்ட் அவுட்டுக்கு காத்திருந்த ஜூனியர் வக்கீல் தம்பி எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, பொத்தாம்பொதுவா போட்டா நிக்காது, என்ன சொன்னாருன்னு அப்படியே இருக்கணும்"னாரு. அவர் சொன்னது சரி தான், என்ன வார்த்தைன்னே தெரியாம அது ஆபாசமா இல்லையான்னு எந்த கோர்ட்டும் பாக்க முடியாதுல்ல.

அக்காகிட்ட கேட்டேன். அவங்க பையன்கிட்ட பத்து ரூபா குடுத்து "போய் கடலமிட்டாய் வாங்கிக்க"ன்னு அனுப்பிச்சாங்க. அவன் சந்து முனை திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்பவும் வாய் வரல. கடைசில பர்ஸ்ல இருந்து பஸ் டிக்கெட் எடுத்து, அந்த மகளிர் கட்டணமில்லா டிக்கெட், அதோட பின்பக்கம் என் பேனாவை வாங்கி எழுதி, நாலா மடிச்சு கீபோர்டு மேல வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மூணு வார்த்தை. ரெண்டாவது வார்த்தைல ஒரு எழுத்து தப்பு. எனக்கு கைப்பழக்கம், திருத்தி அடிச்சுட்டேன். அடிச்சு முடிச்சப்புறம் தான் சுருக்குன்னுச்சு, ஒரு பொம்பளையைத் திட்டின கெட்ட வார்த்தைக்கு எழுத்துப்பிழை பாத்துக்கிட்டு இருக்கேன்.

வழக்கமா முழுசா படிச்சுக் காட்டுவேன். அன்னைக்கு படிக்கல, ஸ்க்ரீனைத் திருப்பி வச்சேன். அவங்க மெதுவா விரல் வச்சுப் படிச்சுட்டு, "இதெல்லாம் குடிச்சா எல்லாவனும் சொல்றது தான் தம்பி. அவன் என்னைய 'ஏய் போடி'ன்னான், அதை எழுதலையே நீங்க"ன்னாங்க.

அதை நான் வேணும்னே தான் விட்டிருந்தேன், அது கேஸுக்கு ஆகாது.

"நான் கல்யாணமாகி வந்தப்ப அவன் எட்டாவது படிச்சான். பத்தொம்போது வருஷமா மதினி மதினின்னு வாய் நிறைய கூப்புட்டவன்."

"இதுநாள்வரை மதினி என்றே அழைத்து வந்தவர் அன்று 'ஏய் போடி' என்று கூறினார்"னு ஒரு வரி சேர்த்தேன். ஜூனியர் தம்பி "இது எதுக்குண்ணே"ன்னாரு. இருந்துட்டுப் போகட்டும்னேன்.

தமிழ்நாட்டுல இருக்குற யாருக்கும் 294(பி)ன்னா சொல்லித் தர வேண்டியதில்ல. பொது இடத்துல மத்தவங்களுக்கு எரிச்சல் வர்ற மாதிரி ஆபாசமா பாடினாலோ பேசினாலோ மூணு மாசம் வரைக்கும் ஜெயில், அது தான் செக்ஷன். தெருச்சண்டை எஃப்ஐஆர் எதை எடுத்தாலும் 294(பி), அடிச்சதுக்கு 323, மிரட்டினதுக்கு 506ன்னு மூணும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே வரும். 2024 ஜூலை 1 லருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டம் வந்து 296, 115(2), 351ன்னு ஆகிப்போச்சு, அந்த வாரம் பூரா நான் ஒவ்வொரு ஃபைலா திறந்து நம்பர் மாத்திக்கிட்டு இருந்தேன், நம்பர் தான் மாறுச்சு, திட்டுறது எல்லாம் அதே பழைய திட்டு தான். இதுல 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் வேற ஒரு தீர்ப்புல சொல்லிருச்சு, வெறுமனே வசைபாடுறதும் கேவலமா பேசுறதும் மட்டும் இந்த செக்ஷனுக்குள்ள வராது, காம உணர்ச்சியைத் தூண்டுற மாதிரி ஏதாவது இருந்தா தான் அது ஆபாசம்னு. சட்டமா பார்த்தா நியாயம் தான். ஆனா அந்த அக்காவுக்கு வலிச்சது "போடி"ல, அது எந்தக் கோர்ட்டு காதுலயும் விழாது. விழவும் வேண்டாம்னு தான் எனக்குத் தோணுது, போடின்னதுக்கெல்லாம் போலீஸ் வந்தா நம்ம ஊர்ல பாதி வீட்டுல சாயங்காலம் விளக்கேத்த ஆள் இருக்காது.

நம்ம பாஷைல இது ஒரு பெரிய வசதி, பெரிய ஆபத்தும் கூட. ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாம ஒருத்தரை நல்லா அசிங்கப்படுத்திறலாம், ஒரு "ங்க"வை எடுத்துட்டா போதும். பக்கத்துல கேரளால 2021ல ஹைகோர்ட்டே சொல்ல வேண்டி வந்துச்சு, போலீஸ்காரங்க பொதுமக்களை எடா எடி நீன்னு கூப்புடக் கூடாதுன்னு. நம்ம பக்கம் என்ன நிலவரம்னு ஹெல்மெட் போடாம மாட்டின எல்லாருக்கும் தெரியும்.

சரி, இப்ப என் கதைக்கு வர்றேன், இதை எழுதவே அதுக்குத் தான் உக்காந்தேன்.

என்னைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு பெருமை உண்டு. நான் மனசுல பட்டதை பட்டுன்னு சொல்லிருவேன், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வச்சுப் பேசத் தெரியாது. சொந்தத்துலயும் "அவரு அப்படித்தான், வாய் தான் அப்படி, மனசு தங்கம்"னு சொல்லுவாங்க. (இப்படி ஒரு சர்டிபிகேட் நம்ம ஊர்ல ஆம்பளைங்களுக்கு மட்டும் தான் குடுக்குறாங்கங்கறதும் இப்ப தான் தோணுது.)

போன வருஷம் ஆடில மாமனாரோட வருஷத் திதி. என் வீட்டம்மாவோட தம்பி தான் காலைல இருந்து பட்டினி கிடந்து எல்லாம் செஞ்சான், ஒரே பையன். ஆறு மாசம் முன்னாடி அவன் வேலை பார்த்த நூல்மில்லுல ஆள் குறைச்சப்ப இவனும் போயிட்டான், அது சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு உக்காந்தோம், எனக்கு எதிர்த்த வரிசைல அவன், பக்கத்துல அவன் பொண்ணு, ஒண்ணாவது படிக்குது. அத்தை அவனுக்கு ரெண்டாவது அப்பளம் வச்சாங்க. நான் சாம்பார் பிசைஞ்சுக்கிட்டே, "ஏ மாப்ள, ரெண்டாவது அப்பளம் வேலைக்குப் போறவங்களுக்குடா"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிக்கிறத பார்த்து அந்தப் பிள்ளையும் சிரிச்சுச்சு.

அவன் ஒண்ணும் சொல்லல. அப்பளத்தை எடுத்து இலையோட ஓரத்துல வச்சான். ரசம் வாங்கினான், மோர் வாங்கினான், பொறுமையா சாப்ட்டான். இலையை மடிச்சப்ப உள்ள அந்த அப்பளம் நொறுங்குற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் கேக்காத மாதிரி பாயாசத்தைப் பத்தி ஏதோ பேசினேன்.

அதுக்கப்புறம் அவன் எங்க வீட்டுப் பக்கம் வரல. ஆவணி, புரட்டாசி, தீபாவளி, பொங்கல். அக்காவுக்கு போன் பண்ணுவான், "மாமா நல்லாருக்காரா"ன்னு கேப்பான், அவ்ளோ தான். எனக்கு முதல்ல கோவம் தான் வந்துச்சு. தமாஷுக்கு சொன்னது, குடும்பத்துக்குள்ள ஒரு வார்த்தை பேசக்கூடாதா, இந்தக் காலத்துப் பயலுகளுக்கு தொட்டதுக்கெல்லாம் மனசு புண்பட்டுருது, நாங்கள்லாம் அப்பாகிட்ட வாங்காத பேச்சான்னு ஒரு ராத்திரி வீட்டம்மாகிட்ட புலம்பிக்கிட்டு இருந்தேன். அவ வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. நிமிரவே இல்ல.

"மனசுல பட்டதை பட்டுன்னு சொல்றவரு தான நீங்க?"

"ஆமா."

"அந்த பெரிய வக்கீல் சாரு நாலு மாசமா டைப்பிங் காசு குடுக்கலன்னு எங்கிட்ட தினமும் சொல்றீங்களே. அவருகிட்ட ஒரு நாளாச்சும் பட்டுன்னு சொல்லிருக்கீங்களா?"

அவ்ளோ தான் கேட்டா. அடுத்த வெண்டைக்காயை எடுத்துட்டா.

அன்னைக்கு தூக்கம் வரல. படுத்துக்கிட்டே ஆள் ஆளா யோசிச்சுப் பார்த்தேன், நான் யாருகிட்டயெல்லாம் உண்மையைப் பேசியிருக்கேன்னு. கடையில வேலைக்கு இருந்த பையன், அவன்கிட்ட நிறைய. வீட்டம்மாகிட்ட. மாப்ளகிட்ட. தண்ணி கேன் போடுற அண்ணன்கிட்ட. வீட்டு ஓனர்கிட்ட? இல்ல, அவரு தண்ணி மோட்டாரை ரெண்டு வாரமா சரி பண்ணாதப்ப கூட "பரவால்ல சார், மெதுவா பாருங்க"ன்னு தான் சொன்னேன். பேங்க்ல, தாலுகா ஆபீஸ்ல? வாயே திறந்ததில்ல. அப்ப என்னோட வெளிப்படைங்கறது தண்ணி மாதிரி, பள்ளம் பார்த்து கீழ மட்டும் தான் ஓடியிருக்கு. மேல பார்த்தா உடனே எனக்கு அந்த டெம்ப்ளேட் வந்துருது, ஐயா வணக்கம், பாதம் பணிந்து.

இதுல பேச்சு சுதந்திரம்னு நான் வாய் கிழியப் பேசுறது வேற. அந்த சுதந்திரம் யாரை மனசுல வச்சு எழுதுனதுன்னு நான் ஒழுங்கா யோசிச்சதே இல்ல. பெரும்பாலும் மேல இருக்குறவனைப் பாத்து பேசத் தான் அது வேணும், கீழ இருக்குறவனைப் பேச எந்தக் காலத்துலயும் யாருக்கும் சட்டம் தேவைப்பட்டதில்லயே. 1950ல நம்ம மெட்ராஸ் அரசாங்கம் "கிராஸ் ரோட்ஸ்"னு ஒரு பத்திரிகை மாகாணத்துக்குள்ளயே வரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, அடுத்த வருஷமே பார்லிமென்ட்ல அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து, பேச்சு சுதந்திரத்துக்கு எல்லை போடுற 19(2)ல கட்டுப்பாடுகளைக் கூட்டினாங்க. பொது ஒழுங்கு அப்ப சேர்ந்தது தான். இன்னைக்கு அந்தப் பட்டியல்ல எட்டு விஷயம் இருக்கு, நாட்டோட பாதுகாப்பு, கோர்ட் அவமதிப்பு, அவதூறு, நாகரிகம் ஒழுக்கம், குத்தம் செய்யத் தூண்டுறதுன்னு. ஒருத்தர் மனசு நோகுறது அதுல இல்ல. மரியாதைங்கற வார்த்தையும் இல்ல.

அது இல்லாதது நல்லதுக்கு தான்னு ஐடி சட்டத்தோட 66ஏ காட்டிருச்சு. இன்டர்நெட்ல "எரிச்சல்" "அசௌகரியம்" வர்ற மாதிரி எதை அனுப்பினாலும் மூணு வருஷம்னு ஒரு செக்ஷன் வச்சிருந்தாங்க. யாருக்கு எரிச்சல் வந்துச்சுன்னு பாருங்க. 2012 அக்டோபர்ல புதுச்சேரில ஒருத்தரைப் பிடிச்சாங்க, அப்ப மத்திய மந்திரியா இருந்தவரோட மகனைப் பத்தி ட்வீட் போட்டதுக்கு. அடுத்த மாசம் மகாராஷ்டிரால பால்கர்ல ரெண்டு சின்னப் பொண்ணுங்க, சிவசேனா தலைவர் பால் தாக்கரே செத்ததுக்கு ஊரே கடையடைக்கணுமான்னு ஒண்ணு கேட்டுச்சு, இன்னொண்ணு அதை லைக் பண்ணுச்சு. தையக்கார அக்காவுக்காக யாரும் இந்த செக்ஷனை எடுத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. 2015 மார்ச் 24ல சுப்ரீம் கோர்ட் அதை மொத்தமா ரத்து பண்ணுச்சு, விவாதிக்கலாம், ஒரு கருத்தை ஆதரிச்சுப் பேசலாம், எத்தனை பேருக்குப் பிடிக்காட்டியும் சரி, வன்முறையைத் தூண்டுற இடத்துக்குப் போனா தான் சட்டம் உள்ள வரும்னு. கூத்து என்னன்னா 2017ல நானே 66ஏ போட்டு ஒரு புகார் டைப் பண்ணிக் குடுத்திருக்கேன், பழைய ஃபைல்ல இருந்து காப்பி பேஸ்ட், செத்து ரெண்டு வருஷம் ஆன செக்ஷன். அதை வாங்கினவங்களும் ஒண்ணும் சொல்லல. என்னைய மாதிரி நாடு பூரா இருந்திருக்காங்க போல, 2022ல சுப்ரீம் கோர்ட் திரும்ப ஒரு தடவை உத்தரவு போட்டுச்சு, இனிமே யார் மேலயும் இதுல கேஸ் போடாதீங்கன்னு.

அவதூறும் அப்படித்தான். தையக்கார அக்கா மாதிரி ஒருத்தர் அவதூறு கேஸ் போடணும்னா சொந்தக் காசுல வக்கீல் வச்சு, எங்கிட்ட பக்கத்துக்கு இவ்வளவுன்னு குடுத்து டைப் பண்ணி, வாய்தா வாய்தாவா அலையணும். ஒரு மந்திரியோட வேலையைப் பத்தி அவதூறா பேசினா அவருக்காக அரசு வக்கீலே நேரா செஷன்ஸ் கோர்ட்டுல போட்டுறலாம், சட்டத்துலயே அந்த வழி இருக்கு. ஜெயலலிதா ஆட்சில 2011லருந்து 2016க்குள்ள அப்படி இருநூறுக்கு மேல கேஸ் போட்டாங்க, பத்திரிகை மேல, எதிர்க்கட்சிக்காரங்க மேல, 2016ல சுப்ரீம் கோர்ட்டே பொதுவாழ்க்கைக்கு வந்தா விமர்சனத்தைத் தாங்கணும்னு சொல்ற அளவுக்கு. அவங்க ஆட்சி மட்டும்னு இல்ல, யார் வந்தாலும் மேல இருக்குறவங்களுக்கு தோல் கொஞ்சம் மெல்லிசா தான் இருக்கும். ராஜாவுக்கு லட்சணமே காது கசக்குற பேச்சைப் பொறுத்துக்கறது தான்னு வள்ளுவர் சொன்னாரு, நாம பஸ்ல எழுதிப் போட்டது "நாகாக்க" மட்டும் தான்.

கீழ இருக்குறவங்களுக்கும் சட்டம் இருக்கே, இல்லாம இல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு, சாதிப் பேரைச் சொல்லித் திட்டினா கேஸ். ஆனா பொதுமக்கள் பாக்குற இடத்துல சொல்லியிருக்கணும், 2020ல சுப்ரீம் கோர்ட் நாலு சுவத்துக்குள்ள, வெளியாள் யாரும் இல்லாத இடத்துல சொன்னா இதுல வராதுன்னுருச்சு. ஒரு தடவை ஒரு பெரியவர் வந்தாரு, அறுபத்தஞ்சு வயசு இருக்கும், வேட்டியை மடிச்சுக் கட்டாம இறக்கி விட்டுக்கிட்டு தான் கடைக்குள்ளயே வந்தாரு. அவர் வேலை பாக்குற தோட்டத்துக்காரரோட பேரன் பைக்ல வந்து, பஸ் ஸ்டாப்புல அத்தனை பேரு முன்னாடி அவர் பேரைச் சொல்லி வாடான்னு கூப்பிட்டிருக்கான். வக்கீல் கேட்டாரு, "சாதியைச் சொன்னானா?"

"சாதியச் சொல்லலீங்க. பேரச் சொன்னான். எம்பேரன் வயசுங்க அவனுக்கு."

"கெட்ட வார்த்தை ஏதும்?"

"இல்லீங்க."

வக்கீல் என்னைப் பார்த்தாரு, நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். டெம்ப்ளேட் திறந்து ஐயா வணக்கம் வரைக்கும் வந்து நிக்குது. அடிக்க ஒண்ணும் இல்ல. பெரியவர் கொஞ்ச நேரம் நின்னுட்டு, "அப்ப ஒண்ணும் இல்லீங்களா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

இதையெல்லாம் எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு எனக்கு சட்டம் தெரிஞ்சவங்க யாரும் சொல்லல. பேசாதன்னு சட்டம் போட்டா அது முதல்ல அந்தப் பெரியவர் வாயைத் தான் மூடும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அப்ப மிச்சம் இருக்குறது பேசினவன் தானா போய் நிக்கிறது தான்.

போய் நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு பங்குனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுச்சு. மாப்ள இப்ப டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேலைக்கு சேர்ந்துட்டான். நான் போனப்ப வாசல்ல பைக் கழுவிக்கிட்டு இருந்தான், "வாங்க மாமா"ன்னு சொல்லிட்டு பைப்பை மூடல. நான் ஒரு வாழைத்தாரை வேற வாங்கிட்டுப் போயிருந்தேன், எதுக்கு வாங்கினேன்னு எனக்கே தெரியல, அதை வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

வேடிக்கை என்னன்னா, மன்னிப்புங்கற வார்த்தையை நான் ஆயிரம் தடவை டைப் பண்ணியிருப்பேன். அதோட ரேட் என்னன்னு எனக்குத் தெரியும். "வருந்துகிறேன்"னா ஒரு ரேட், "மன்னிப்புக் கோருகிறேன்"னா ஒரு ரேட், "நிபந்தனையற்ற"ன்னு முன்னாடி சேர்த்தா எதிர்த்தரப்பு கேஸை வாபஸ் வாங்கும். 2015 ஜனவரில 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பி எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்ல அதிகாரிங்க உக்கார வச்சு எழுதி வாங்கினப்ப கூட சண்டை இந்த வார்த்தைல தான் நடந்துச்சு, அவர் வருத்தம் தெரிவிக்கிறேன்னாரு, பத்தாது, நிபந்தனையற்ற மன்னிப்பு வேணும்னு எழுத வச்சாங்க. அடுத்த வருஷம் ஜூலைல சென்னை ஹைகோர்ட் அந்தப் பேப்பர் யாரையும் கட்டுப்படுத்தாது, எழுத்தாளர் திரும்ப எழுதட்டும்னு சொல்லிருச்சு. கூட்டத்தைக் காட்டி பயமுறுத்தி வாங்குற மன்னிப்பு மன்னிப்பே இல்ல, அதுவும் மேல இருந்து வாங்குறது. ஆனா எங்கிட்ட யாரும் கேக்கல, எழுதி வாங்கல, வாசல்ல பைப் தண்ணி ஓடுது, நானா வாய் திறந்தா தான் உண்டு. வரல.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு மாப்ள"ன்னு ஒரு வழியா சொன்னேன்.

"எதை மாமா?"

அவனுக்குத் தெரியும். எனக்கு அவனுக்குத் தெரியும்னு தெரியும். ஆனாலும் என் வாயால வரணும்னு நினைச்சான் போல, நியாயம் தான.

"அந்த அப்பளம்."

பைப்பை மூடினான். ரொம்ப நேரம் சைலன்சரைத் துடைச்சான். அப்புறம் சொன்னான், "எனக்கு வேலை போனது பாப்பாவுக்குத் தெரியாது மாமா. டெய்லி காலைல டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு கிளம்பிருவேன், லைப்ரரில உக்காந்துட்டு சாயங்காலம் வருவேன். அன்னைக்கு ராத்திரி கேட்டுச்சு, அப்பா நீ வேலைக்குப் போகலையான்னு."

நான் என்ன சொல்ல. வாழைத்தாரை திண்ணைல இறக்கி வச்சேன். இந்த மாதிரி நேரத்துல நான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருந்த "தமாஷுக்கு தான்"ங்கறது தொண்டை வரைக்கும் வந்துச்சு, பழக்க தோஷம். நல்ல வேளை முழுங்கிட்டேன். "தப்பு தான்டா"ன்னு மட்டும் திரும்ப சொன்னேன். "சரி விடுங்க மாமா, உள்ள வாங்க, காபி குடிங்க"ன்னான்.

சரியாயிருச்சான்னு கேட்டா முழுசா ஆகல. சித்திரைத் திருவிழாவுக்கு குடும்பத்தோட வந்தான், அழகர் பாக்கப் போனோம், பிள்ளை என் தோள்ல உக்காந்து தான் பாத்துச்சு. ஆனா மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் கூப்ட்டப்ப "நீங்க சாப்புடுங்க மாமா, நான் அப்புறம்"னுட்டான். நான் கை கழுவிட்டு வந்ததும் தான் உக்காந்தான். அதுக்கு நான் எதுவும் சொல்ற இடத்துல இல்ல. என்னோட வார்த்தை வெளிய வர ரெண்டு செகண்டு, அவனுக்கு அதைக் கழிக்க எத்தனை வருஷம் ஆகணுமோ ஆகட்டும்.

வக்கீல் சார் விஷயம் பாக்கி இருக்கு. மாப்ள வீட்டுக்குப் போயிட்டு வந்த மறுவாரம், அவர் கடைக்கு வந்தப்ப, ரெண்டு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்ததை சொன்னேன். "சார், நாலு மாச பாக்கி 3,860 ரூபா நிக்குது சார். இந்த வாரம் குடுத்தீங்கன்னா பேப்பர் பண்டல் எடுக்கணும்." அவ்ளோ தான், ரெண்டு வரில ரெண்டு சார். குரல் கொஞ்சம் நடுங்கிருச்சுன்னு நினைக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "என்னப்பா இது, மரியாதை இல்லாம பட்டுன்னு கேக்குற"ன்னாரு.

2,000 குடுத்தாரு. மீதி இன்னும் வரல.